கணக்கில் ஒரு நாள் குறைகிறது

பிப்ரவரி 26, வியாழன்

கப்பல் கிளம்பிவிட்டது. சிலியிலிருந்து சீனா. நடுவில் எங்கேயும் நிற்காது. முப்பத்தைந்து நாள் ஆகும் என்றார் என் வீட்டுக்காரர். அங்கே போனதும் இவருக்குப் பதில் ஆள், ரிலீவர், ஏறுவார், இவர் சைன் ஆஃப் செய்து வீட்டுக்கு வருவார். எட்டு மாதம் போயாச்சு, இந்த முப்பத்தைந்து பெரிதில்லை என்று பாப்பாவிடம் சொன்னேன்.

பிப்ரவரி 28, சனி

மாமியைப் படுக்க வைத்த பிறகு, பிலிப்பைன்ஸ் இயக்குநர் லாவ் டயஸ் எடுத்த 'மெகல்லன்' படத்தைப் போட்டேன். ஸ்பெயினுக்காக மேற்கு வழியே கப்பல் விட்ட போர்த்துகீசியக் கடலோடியின் கதை. கயேல் கார்சியா பெர்னால்தான் மெகல்லன். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் கண் தாங்காது.

திரை அகலமாக இல்லை, பழைய டிவிபோல் கிட்டத்தட்டச் சதுரம். கேமரா ஒரு இடத்தில் நின்றால் நின்றதுதான். 1511, மலாக்காவைப் போர்த்துகீசியர் பிடிக்கிறார்கள். சண்டையைக் காட்டவில்லை. சண்டை முடிந்து கிடக்கும் உடல்களை மட்டும் காட்டுகிறார், நாம் பார்த்து முடிக்கும்வரை விடுவதில்லை. நான் பாதியில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோதும் அதே காட்சிதான் இருந்தது.

மார்ச் 3, செவ்வாய்

ஒற்றை டிக்.

மார்ச் 4, புதன்

ஒற்றை டிக். கப்பலில் நெட் இல்லையென்றால் இப்படித்தான். தெரியும். இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், மாமிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்து பார்க்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போய்விட்டு வந்தேன். 1521இல் இதே மார்ச் 6ஆம் தேதிதான் மெகல்லனின் ஆட்கள் பசிபிக்கில் இருக்கும் குவாம் தீவில் கரையைத் தொட்டார்கள். தென் அமெரிக்காவின் தென்கோடி நீரிணையைத் தாண்டிப் பசிபிக்கில் இறங்கியது 1520 நவம்பர் 28. இடையில் நல்ல சாப்பாடு கிடையாது. கூடவே போன பிகாஃபெட்டா என்ற இத்தாலியர் எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறார். பிஸ்கட் பொடிந்து புழுவாகிவிட்டது, எலி மூத்திர நாற்றம். பாய்மரக் கட்டையில் சுற்றியிருந்த மாட்டுத்தோலை உரித்து, நாலைந்து நாள் கடல் தண்ணீரில் ஊறப்போட்டு, தணலில் வாட்டித் தின்றார்கள். ஒரு எலி அரை டுகாட், அந்தக் காலத்துத் தங்கக் காசு, விலை போயிருக்கிறது.

மதியம் திருக்கைக் கருவாட்டை வெந்நீரில் போட்டபோது அந்தத் தோல்தான் ஞாபகம் வந்தது. நாம் உப்பு இறங்க ஊறவைக்கிறோம். அவர்கள் உப்புத் தண்ணீரிலேயே ஊறவைத்திருக்கிறார்கள், பல் இறங்கினால் போதும் என்று. இதே கடலில்தான் இப்போது இவரும் இருக்கிறார். வழிகூட ஏறக்குறைய அதுதான், மேற்குப் பார்த்து.

மார்ச் 9, திங்கள்

இரண்டு டிக். ஒரே வரி வந்திருக்கிறது: "கடைவாய்ப் பல் வலி, ஈறு வீங்கியிருக்கு, பயப்படாதே."

பயப்படாதே என்று எழுதினால் பயம் வராமல் இருக்குமா? கப்பலில் டாக்டர் கிடையாது. செகண்ட் ஆபீசர்தான் மருந்துப் பெட்டியைத் திறந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பார். கரைக்கு இன்னும் மூன்று வாரம். பல் டாக்டரிடம் போய்க் கேட்டேன். வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கினாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே சொல்லச் சொல்லுங்கள் என்றார். யாருக்கு, எப்படிச் சொல்வது? டைப் செய்து அனுப்பினேன். ஒற்றை டிக்.

பிகாஃபெட்டா எழுதியதில் சாப்பாட்டை எப்படியோ தாண்டி வந்துவிட்டேன். ஈறைப் பற்றி எழுதியதைத் தாண்ட முடியவில்லை. மேல் ஈறும் கீழ் ஈறும் பல்லை மூடும் அளவுக்கு வீங்கி, சாப்பிட முடியாமலே செத்தார்களாம். பத்தொன்பது பேர். ஸ்கர்வி. காயும் பழமும் இல்லாததால் வரும் நோய் அது, இவருக்கு வந்திருப்பது வெறும் சொத்தைப்பல் என்று எனக்கு நன்றாகவே தெரியும். போன மாதம்கூடக் கப்பல் மெஸ்ஸில் ஆரஞ்சு இருக்கும் போட்டோ அனுப்பினார். அந்தப் போட்டோவைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினோரு ஆரஞ்சு.

மார்ச் 11, புதன்

படம் பார்க்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

போன் வந்தது! நான்கு நிமிடம். வீக்கம் வடிந்துவிட்டது, கஞ்சியை விட்டுச் சோறு சாப்பிடுகிறாராம். தேதிக்கோட்டைத் தாண்டிவிட்டார்கள். "எங்களுக்குச் சனிக்கிழமையே இல்லை, வெள்ளி ராத்திரி படுத்தோம், ஞாயிறு எழுந்தோம்" என்றார். பாப்பா அந்தச் சனிக்கிழமை எங்கே போச்சு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பிகாஃபெட்டாவுக்கும் இதுதான் நடந்தது. 1522 ஜூலையில் திரும்பும் வழியில் கேப் வெர்டே தீவில் கரைக்குப் போனவர்கள், இன்று என்ன கிழமை என்று கேட்டிருக்கிறார்கள். வியாழன் என்றார்களாம். கப்பல் கணக்கில் புதன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் வரவில்லை, ஒரு நாளும் விடாமல் எழுதினேனே, எப்படித் தப்பும் என்று மருகியிருக்கிறார். அவர் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. மேற்காகவே போய் உலகத்தைச் சுற்றியதில் ஒரு நாள் கழன்றுவிட்டது. மூன்று வருடம் நாள் தவறாமல் எழுதியவரிடம் உன் கணக்கில் ஒரு நாள் இல்லை என்றால் மனசு என்ன பாடுபடும்.

மார்ச் 19, வியாழன்

இன்று பியட்ரீஸ் வரும் பகுதி. மெகல்லனின் மனைவி, செவீலில் இருக்கிறாள். இந்தக் கதையை ஒன்பது மணி நேர வடிவமாகவும், அதை பியட்ரீஸைப் பற்றியதாகவும் எடுப்பதாக டயஸ் சொல்லியிருக்கிறார். ஒன்பது மணி நேரமும் பார்ப்பேன். கடலுக்குப் போனவனின் கதையை உலகம் ஐந்நூறு வருடமாகச் சொல்கிறது. வீட்டில் இருந்தவளுக்கு ஒன்பது மணி நேரம் அதிகமே இல்லை.

ஐந்து கப்பல் போனதில் சான் அந்தோனியோ நீரிணையிலேயே கம்பி நீட்டி, 1521 மே 6 அன்று செவீலுக்கு வந்து சேர்ந்தது. வந்தவர்கள் மெகல்லனைக் கொடியவன், ராஜத் துரோகி என்று சொன்னார்கள். அவளையும் கண்காணிப்பில் வைத்தார்கள். அந்தத் தேதிக்கு அவன் செத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவளுக்குத் தெரியாது. சின்னப் பையன் ரோட்ரிகோ இறந்தான், பிறகு அவளும் இறந்தாள். 1522 செப்டம்பர் 6இல் ஐந்தில் இன்னொரு கப்பலான விக்டோரியா பதினெட்டுப் பேரோடு திரும்பியபோது, செய்தியைக் கொண்டுபோய்ச் சொல்ல அந்த வீட்டில் யாருமில்லை.

மார்ச் 28, சனி

1521இல் இதே நாள், அன்று பெரிய வியாழன். பிலிப்பைன்ஸில் லிமசாவா தீவுப் பக்கம் ஒரு சின்னப் படகில் எட்டுப் பேர் வந்தார்கள். மெகல்லனின் அடிமை என்ரிக்கே தன் பாஷையில் பேசினான், அவர்களுக்குப் புரிந்தது. மலாக்காவில் பிடித்து, ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய், இங்கே கொண்டுவந்த பிறகு, கரையிலிருந்து முதல் தடவை ஒருவர் அவனுக்குப் பதில் சொல்கிறார். அந்த நிமிடத்துக்காகவே இந்தப் படம் இத்தனை மெதுவாகப் போகலாம் என்று தோன்றியது.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

சீனா வந்தாச்சு. ஆங்கரேஜில் நிற்கிறார்கள். துறைமுகத்தில் இடமில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

ஆங்கரேஜ்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப் பிறப்பு. மாமிக்குக் கொஞ்சம் பாயசம் கொடுத்தேன், குடித்தாள்.

1521 ஏப்ரல் 14இல்தான் பிலிப்பைன்ஸின் செபு தீவில் ராஜா ஹுமாபோனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. அவன் மனைவிக்குக் குழந்தை யேசு சுரூபம் கொடுத்தார்கள். அன்று எண்ணூறு பேர் சேர்ந்ததாக பிகாஃபெட்டா கணக்கு. பணியாத ஒரு கிராமத்தைக் கொளுத்தவும் செய்தார்கள். அந்தச் சுரூபம் இன்றும் செபுவில் இருக்கிறது.

எங்கள் வீட்டு ஸ்டாண்டில் இருக்கும் குழந்தை யேசுவைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். எங்கள் முத்துக்குளித்துறைக்கும் 1530களில் போர்த்துகீசியக் கப்பல்தான் ஞானஸ்நானத்தைக் கொண்டு வந்தது. என் ஜெபம் என் பாட்டியிடமிருந்து வந்தது, அவளுக்கு அவள் பாட்டி. அந்த வரிசையின் முதல் பாட்டி தண்ணீருக்குத் தலை குனிந்தபோது என்ன நினைத்தாள்? படத்தில் அந்தப் பெண்கள் முகத்தில் தேடினேன். கேமரா கிட்டே போகவே இல்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

பெர்த் கிடைத்தது, சரக்கு இறங்குகிறது. ஆனால் ரிலீவருக்கு விசா வரவில்லையாம். ஆபீஸில் போனை எடுக்க மாட்டேன் என்கிறார்கள். எடுத்தால் அடுத்த வாரம் என்கிறார்கள்.

ஏப்ரல் 22, புதன்

தூக்கம் இல்லை. மெகல்லன் உயிலில் எழுதியிருக்கிறான், நான் செத்ததும் என்ரிக்கேக்கு விடுதலை என்று. அவன் செத்த பிறகு கப்பல்களுக்குத் தலைமை ஏற்ற துவார்த்தே பார்போசா என்ரிக்கேயிடம் சொன்னது: உனக்கு விடுதலை கிடையாது, ஸ்பெயின் போனதும் நீ தோன்யா பியட்ரீஸுக்கு அடிமை.

இத்தனை நாள் நான் யாருக்காக அழுதேனோ அவள் பெயரைச் சொல்லித்தான் அவனை மிரட்டியிருக்கிறார்கள். அவளுக்கு இது தெரியாது, அவள் சொல்லியும் இல்லை. இருந்தாலும் அவள் காத்திருந்த வீட்டுக்கு அவன் அடிமையாகத்தான் வந்திருக்க வேண்டும். மே 1, ஹுமாபோன் வைத்த விருந்தில் கரைக்குப் போனவர்களை வெட்டினார்கள், பார்போசாவையும்தான். என்ரிக்கே சொல்லிக்கொடுத்த சதி என்கிறார் பிகாஃபெட்டா. அதற்குப் பிறகு அவனைப் பற்றி எங்கேயும் ஒரு வரி இல்லை. அவனுக்காக யார் காத்திருந்தார்கள்? மலாக்காவிலோ சுமத்ராவிலோ ஒரு அம்மா இருந்திருப்பாள் இல்லையா? அவளுக்கு ஒன்பது மணி நேரம் யார் கொடுப்பார்கள்?

ஏப்ரல் 23, வியாழன்

பியட்ரீஸ்மேல் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

1521இல் இதே நாள்தான் மக்டான் தீவுச் சண்டை, மெகல்லன் செத்தது. மெகல்லனோடு நாற்பத்தொன்பது பேர் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். மீதி இருபது நிமிடத்தையும் பார்த்து முடித்தேன். மக்டான் தலைவன் லாபுலாபு என்று ஒரு ஆளே இல்லை, ஹுமாபோன் கட்டிய கதை என்கிறது படம். எனக்கு ஒப்பவில்லை. பிகாஃபெட்டா அந்தப் பெயரை எழுதியிருக்கிறார், நாள் விடாமல் எழுதியவரை நான் நம்புகிறேன். கேட்ட சாமானெல்லாம் தருகிறோம், உடலைக் கொடுங்கள் என்று இவர்கள் கேட்டும், மக்டான்காரர்கள் கொடுக்கவில்லை.

விசா வந்துவிட்டதாம். விடிகாலை நான்கு மணிக்கு லாஞ்ச் வருமென்று மெசேஜ், சீன நேரமா நம் நேரமா என்று எழுதவில்லை. இப்போது மணி 1.10, சீனாவில் 3.40. பாப்பா எழுந்து