கெண்டியைப் பிடித்துவிட்டேன், விடுவதுதான் கஷ்டமாக இருந்தது

மூன்று வாரமாக, வெப்கேம் முன்னால் கையை அசைத்து, கணினியில் வரைந்த ஒரு தேநீர்க் கெண்டியைத் தொடாமலே திருப்பிக்கொண்டிருக்கிறேன். யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் 1975-ல் கணினி வரைகலைக்காக உருவாக்கிய அதே கெண்டி. பிரவுசரில் முப்பரிமாண உருவங்களை வரையும் த்ரீ.ஜேஎஸ் நிரல் நூலகத்தோடு கிடைக்கிறது.

காட்டுவதற்குப் பெப்பர்ஸ் கோஸ்ட் உத்தி: சாய்த்து வைத்த கண்ணாடியில் விழும் பிம்பம் அந்தரத்தில் நிற்பதுபோலத் தெரியும். 1862-ல் லண்டன் மேடையில் ஆவியைக் காட்டியது இதை வைத்துத்தான். மானிட்டரை மல்லாக்கப் படுக்க வைத்து, மேலே ஓஎச்பி ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) 45 டிகிரி சாய்த்து நிறுத்தினேன். பின்னணி முழுக்கக் கறுப்பு. அறை விளக்கை அணைத்ததும் கெண்டி அந்தரத்தில் நின்றது. அன்று ராத்திரி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இருட்டில் வெப்கேமுக்குக் கை தெரியவில்லை. லீப் மோஷன் மாதிரி அகச்சிவப்புக் கேமரா என்றால் இந்தத் தொல்லை இருக்காது. மேசை விளக்குக்கு அட்டை மறைப்பு வைத்து, வெளிச்சம் கையில் மட்டும் விழும்படி செய்தேன்.

வெப்கேம் படத்தில் கையைக் கண்டுபிடிக்கும் மீடியாபைப் மென்பொருள் ஒரு கைக்கு 21 புள்ளிகள் தருகிறது. எண் 4 கட்டைவிரல் நுனி, 8 ஆள்காட்டி விரல் நுனி. இரண்டும் நெருங்கினால் பிடி. கை தள்ளிப் போனால் இடைவெளியும் சின்னதாகத் தெரியும். அதனால் மணிக்கட்டிலிருந்து நடுவிரல் அடிமூட்டு வரையுள்ள நீளத்தால் வகுத்துக்கொண்டேன். அந்த விகிதம் 0.25-க்குக் கீழே வந்தால் பிடி, 0.4-ஐத் தாண்டினால் விடு. ஒரே எல்லை வைத்தபோது பிடி, விடு, பிடி, விடு என்று துடித்தது.

சரி, பிடித்தாயிற்று. கெண்டியின் மூக்கை என் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு விரலைப் பிரித்தால், மூக்கு கொஞ்சம் நகர்ந்துவிடும். எவ்வளவு மெதுவாகப் பிரித்தாலும் அப்படித்தான். நடுக்கத்தைக் குறைக்கும் ஃபில்டரைக் கூட்டினேன். கெண்டி கைக்குப் பின்னால் சோம்பலாக இழுபட்டு வந்தது. அப்புறம் என் கையையே வீடியோ எடுத்து ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டினேன். விரல் பிரியும்போது மணிக்கட்டும் லேசாகச் சுழல்கிறது! இடைவெளி 0.4-ஐத் தாண்டுவதற்குள் நாலைந்து ஃப்ரேம் போய்விடுகிறது; அத்தனை ஃப்ரேமும் கெண்டி கூடவே திரும்புகிறது. இப்போது கடைசிப் பத்து ஃப்ரேமின் கோணத்தைச் சேமித்து வைக்கிறேன். விட்டது உறுதியானதும், ஐந்து ஃப்ரேமுக்கு முன்பிருந்த கோணத்துக்கே கெண்டியைக் கொண்டுபோகிறேன். விட்ட இடத்தில் அப்படியே நிற்கிறது. அந்த ஒரு நொடிக்காக எத்தனை ராத்திரி விழித்தாலும் தகும்.

நேற்று அம்மாவைக் கூப்பிட்டு, "திருப்பிப் பாரும்மா" என்றேன். அவர் விரல் நுனியால் கிள்ளவே இல்லை. கைப்பிடிக்குள் நாலு விரலையும் விட்டு மடக்கி, டீ ஊற்றுவதுபோலச் சாய்த்தார். கெண்டி அசையவில்லை. அவர் பிடித்ததுதான் கெண்டியைப் பிடிக்கும் விதம். அந்த மடக்கிய பிடியையும் அடையாளம் காண, நாலு விரல் நுனிக்கும் மணிக்கட்டுக்கும் உள்ள தூரத்தை இன்று காலையிலிருந்து அளந்துகொண்டிருக்கிறேன்.