அலாரம் இல்லாத சக்‌ஷன்

எங்கள் அறுவை சிகிச்சை வார்டில், காற்றுப் புகாமல் மூடிய புண்ணிலிருந்து நீரை உறிஞ்சி எடுக்கிற வேக் மெஷின் ஒன்று இருந்தது. இருந்தது, அவ்வளவுதான். புண்ணுக்குள் வைக்கிற ஃபோமும், உறிஞ்சிய நீர் சேரும் கேனிஸ்டரும் தீர்ந்துபோன பிறகு அலமாரியின் மேல்தட்டில் தூசியோடு உட்கார்ந்திருந்தது. மெஷின் ஒருமுறை வாங்கினால் முடிந்தது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் பிரித்துத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வைக்க வேண்டிய சாமான்கள்தான் கையைக் கடிக்கும்.

அந்த நேரத்தில்தான் காலில் பெரிய புண்ணோடு ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். அழுகிய சதையை எல்லாம் தியேட்டரில் வெட்டி எடுத்த பிறகு, கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம். நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. காலையில் கட்டினால் மதியத்துக்குள் கட்டு நனைந்து மெத்தை வரை ஊறிவிடும். "இருக்கிறதை வச்சே சக்‌ஷன் போட்டுடலாம் சிஸ்டர்" என்றார் டாக்டர். இருந்தது என்ன? காஸ் துணி, மூக்கு வழியே வயிற்றுக்குள் விடுகிற ரைல்ஸ் டியூப், ஒட்டும் பிளாஸ்டிக் படலம், சுவரில் சக்‌ஷன் லைன்.

ஏதோ ஒப்பேற்றுகிறோம் என்றுதான் அன்று நினைத்தேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, காஸ் ஒன்றும் ஃபோமின் ஏழைத் தம்பி இல்லை, அண்ணன்தான். சேரிக்கர், ஜீட்டர் என்ற இருவர் காஸையும் தட்டையான வடிகுழாயையும் வைத்து 60 முதல் 80 மி.மீ. பாதரச அழுத்தத்தில் இதைச் செய்து எழுதியது 1989ல். ஆர்ஜெண்டா, மோரிக்வாஸ் என்ற ஆய்வாளர்கள் பன்றிகளில் சோதித்து, ஃபோமையும் 125 மி.மீ. என்ற அழுத்தத்தையும் உலகத்துக்குத் தந்த கட்டுரைகள் வந்தது 1997ல்.

செய்முறை எளிதுதான். டியூபின் நுனிப் பக்கம் கூடுதலாகச் சில துளைகள் வெட்டுவோம். புண்ணின் அடியில் ஒட்டாத வலைத்துணி, அதன்மேல் சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ், நடுவில் டியூப், மறுபடியும் காஸ், கடைசியில் படலம். எத்தனை காஸ் உள்ளே போயிற்று என்பதைப் படலத்தின் மேலேயே மார்க்கரில் எழுதிவைப்பேன். வேறொரு இடத்தில் வேலை பார்த்தபோது, ஆறாமல் இழுத்துக்கொண்டிருந்த ஒரு புண்ணின் பொந்துக்குள்ளிருந்து பழைய காஸ் துண்டு ஒன்றை நானே உருவியிருக்கிறேன். அந்த நாற்றம் மறக்காது.

அழுத்தத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று பேச்சு வந்தபோது, பயிற்சி மருத்துவர் ஒருவர் நெஞ்சுக்குழாய்க்கு வைக்கிற மாதிரி தண்ணீர் பாட்டிலில் குழாயை முக்கிவைக்கலாமே என்றார். குழாய் முங்கும் ஆழம்தான் அழுத்தத்தின் அளவு. நல்ல யோசனை. ஆனால் பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். 125 மி.மீ. பாதரசத்துக்கு 170 செ.மீ. தண்ணீர் வேண்டும். என் உயரத்தைவிட அதிகம்! கடைசியில், குமிழைத் திருகி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற சுவர் ரெகுலேட்டரையே நம்பினோம்.

அங்கேதான் என் தப்பு நடந்தது. ஒரு ராத்திரி பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தொண்டையில் சளி அடைத்துவிட்டது. அவசரத்தில் பெரியவரின் ரெகுலேட்டரைக் கழற்றி அவருக்கு மாட்டி, குமிழை முழுக்கத் திருகி, சளியை எடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினேன். குமிழைக் குறைக்க மறந்துபோனேன். "அம்மா..." என்று பெரியவர் அலறிய பிறகுதான் முள்ளைப் பார்த்தேன், 300ஐத் தாண்டி நின்றது. நல்லவேளை, ரத்தம் வரவில்லை. அன்று முதல் அந்தக் குமிழின் மேல் குறுக்காக ஒரு பிளாஸ்டர், அதில் '80, தொடாதே' என்று என் கையெழுத்து. சளி எடுக்கத் தனி ரெகுலேட்டர்.

குறைந்த செலவு என்று சொல்கிறோமே, அந்தச் செலவு எங்கும் போய்விடுவதில்லை. பொருள் கணக்கிலிருந்து ஆள் கணக்குக்கு மாறுகிறது. விலை கொடுத்து வாங்கிய மெஷின் காற்று கசிந்தால் கத்தும், குழாய் அடைத்தால் கத்தும், கேனிஸ்டர் நிறைந்தால் கத்தும். இங்கே கத்த வேண்டியது நான்தான். அந்தக் கேனிஸ்டர் 300 அல்லது 500 மி.லி.தான் கொள்ளும், நிறைந்தால் உறிஞ்சல் நின்றுவிடும். வார்டு சக்‌ஷன் ஜாடியோ லிட்டர் கணக்கில் வாங்கிக்கொள்ளும். உள்ளே ஒரு ரத்தக்குழாய் திறந்துகொண்டால் அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். 2009ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தச் சிகிச்சை பற்றி எச்சரிக்கை விட்டபோது, இரண்டு ஆண்டுகளில் 6 மரணங்கள் பதிவாகியிருந்தன. ரத்தப்போக்குதான் மிகப் பெரிய ஆபத்து என்றது. அவை அலாரம் வைத்த மெஷின்கள். அதனால் சின்ன பாட்டிலாகப் பார்த்து மாட்டி, பக்கவாட்டில் பிளாஸ்டர் ஒட்டி, மணிக்கு ஒருதரம் கோடு போட்டு நேரம் எழுதினோம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கைவேலையை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. புற்று இருக்கும் புண், கருத்துக் காய்ந்த சதை மூடியிருக்கும் புண், ரத்தக்குழாய் வெளியே தெரியும் புண் எல்லாம் மெஷினுக்கே ஆகாதவை.

மீன்தொட்டி பம்பைத் திருப்பி உறிஞ்சவைக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். பல இடங்களில் செய்தும் இருக்கிறார்கள். நீரைப் பிடித்துக்கொள்ள நடுவில் ஒரு பாட்டில் இல்லாவிட்டால் புண்நீர் நேரே பம்புக்குள் போய்விடும். எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற பிரச்சினை கசிவுதான். 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹைட்டிக்கு, கையால் அமுக்கிவிடும் துருத்தி பம்பை எடுத்துப்போனார் எம்.ஐ.டி. மாணவி டேனியல் சுரோவ்சிக். மோட்டாரும் மின்சாரமும் இல்லாமல் அது எப்படி வேலை செய்யும் என்று யோசித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. படலம் சரியாக ஒட்டியிருந்தால் ஒருமுறை இழுத்த வெற்றிடம் மணிக்கணக்கில் நிற்கும். மோட்டார் பெரும்பாலும் ஓடுவது நாம் சரியாக ஒட்டாத ஓட்டையை ஈடுகட்டத்தான். அதன்பிறகு ஒட்டுவதில்தான் என் நேரம் போயிற்று. முடியை மழித்து, தோலைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, புண்ணைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குப் படலம். டியூப் வெளியே வரும் இடத்தில் கீழே ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு வைத்து நடுவில் கிள்ளிவிடுவேன். கால்விரல் இடுக்கு, ஆசனவாய்க்குப் பக்கத்துப் படுக்கைப்புண் என்றால் இடுக்கை அடைக்கிற ஸ்டோமா பேஸ்ட் இல்லாமல் நடக்காது. அதுவும் பாதி நாள் நடக்காது.

பெரியவர் பாத்ரூம் போக வேண்டும் என்றால் டியூபைக் கிளாம்ப் போட்டுக் கழற்றி, திரும்ப மாட்ட வேண்டும். மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் சக்‌ஷன் நின்றுபோனால் கட்டையே பிரித்துவிட்டுச் சாதாரண ஈரக்கட்டுக்குப் போய்விடுவோம். மூடிக்கிடக்கிற கட்டு சீழுக்கு நல்ல வீடு.

இதை அற்புதம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம். காலில் எலும்பு முறிந்து திறந்த புண்ணான 460 பேரை வைத்து இங்கிலாந்தில் நடத்தி 2018ல் வெளியிட்ட ஆய்வில், சக்‌ஷன் கட்டுக்கும் சாதாரணக் கட்டுக்கும் ஓராண்டு கழித்துப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான் கண்ணால் பார்த்த லாபம் வேறு. நீர் கொட்டும் புண்ணில் நாளுக்கு மூன்று கட்டு என்பது மூன்று நாளுக்கு ஒரு கட்டு ஆயிற்று. மெத்தை நனையவில்லை. மனிதர் தூங்கினார்.

மூன்றாவது தடவை பிரித்தபோது அடிப்பகுதி சிவந்து மணிமணியாகச் சதை கட்டியிருந்தது. தோல் ஒட்டலாம் என்றார் டாக்டர். அதற்கு முந்தின ராத்திரி வார்டில் என்னோடு இன்னொரு சிஸ்டர் மட்டும்; புதிதாக வந்த இரண்டு கேஸோடு ஓடிக்கொண்டிருந்தோம். கோடு போடும் நேரம் தாண்டிவிட்டதே என்று பெரியவரிடம் போனேன். உட்கார்ந்தபடி குனிந்து, கட்டின் ஓரத்தில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டிருந்தார். விரலை எடுத்துக் காட்டினார். ஸ்ஸ்ஸ் என்றது.

"எவ்ளோ நேரமாப்பா இப்படிப் பிடிச்சிட்டிருக்கீங்க?"

"நீங்க அந்தப் பக்கம் ஓடினப்பவே சத்தம் வந்திச்சும்மா."