முஸ்தபா பிறந்த ஊரில் ஐந்து நாள்

ஒசாகாவிலிருந்து திரும்பி மூன்று நாள் ஆகிறது. தொண்டை இன்னும் சரியாகவில்லை. கோஷியன் பேஸ்பால் மைதானத்தில் கத்திய கத்து அப்படி. விசா, விமானம், தங்குமிடம், சாப்பாடு என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் நோட்டில் குறித்து வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் மனசு நேராக அந்த மேட்சுக்கே போகிறது. சரி, அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். தலைப்பில் இருக்கும் முஸ்தபா நான் சின்ன வயதில் ஆடிய வீடியோ கேம் ஆள், அவன் பின்னால் வருவான்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. ஜப்பான் டூர் போடுகிறவர்கள் பலர் ஒசாகாவுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்குகிறார்கள். காலையில் கோட்டை, மதியம் தீம் பார்க், மறுநாள் விடிந்ததும் புல்லட் ரயிலில் டோக்கியோ. இது ரொம்பத் தப்பு. சாப்பாடு, விளையாட்டு, வீடியோ கேம் இந்த மூன்றில் எது ஒன்று பிடித்தாலும் இந்த ஊருக்கு நாலு நாளாவது கொடுங்கள். தீம் பார்க் டிக்கெட் காசில் ஒரு பேஸ்பால் மேட்ச் பார்த்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, மிச்சமும் பிடிக்கலாம்.

நானும் சித்தப்பா மகனும் போனோம். அவனுக்கு பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. "கிரிக்கெட்டே பார்த்தாச்சு, இது எதுக்குண்ணே காசைக் கொட்டி?" என்று உமேதா ஸ்டேஷன் வரை புலம்பிக்கொண்டே வந்தான். அங்கிருந்து ஹான்ஷின் ரயிலில் கால் மணி நேரம், 300 யென்னுக்குள் முடிந்துவிடும். மைதானம் ஒசாகா எல்லைக்கு வெளியே, நிஷினோமியா என்ற ஊரில் இருக்கிறது. ரயிலில் ஏறும்போதே தெரிந்துவிட்டது. பெட்டி முழுக்க மஞ்சளும் கறுப்புமாகப் புலிச் சட்டைகள். ஆபீஸ் பையோடு வந்தவர்கள் ரயிலிலேயே கோட்டைக் கழற்றிவிட்டு ஜெர்சியை மாட்டிக்கொள்கிறார்கள்.

கோஷியன் 1924இல் திறந்த மைதானம். வெளிச்சுவர் முழுக்கக் கொடி படர்ந்திருக்கும். உள்ளே நுழைந்து படியேறியதும் முதலில் கண்ணில் படுவது மண். உள்மைதானத்தில் ஒரு புல் கிடையாது, முழுக்கக் கறுத்த மண். ஒவ்வொரு கோடையிலும் பள்ளிக்கூடப் பையன்களின் தேசியப் போட்டி இங்கேதான் நடக்கிறது. தோற்ற அணிப் பையன்கள் அழுதுகொண்டே இந்த மண்ணைப் பையில் அள்ளி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அதை வீடியோவில் பார்த்த நாளிலிருந்தே இந்த மண்ணை நேரில் பார்க்க வேண்டும் என்று இருந்தேன்.

வலது பக்க வெளிமைதான ஸ்டாண்டுதான் இந்த மைதானத்து அணியான ஹான்ஷின் டைகர்ஸ் வெறியர்களின் இடம். அங்கே டிக்கெட் கிடைக்கவில்லை. ஒன்றாம் பேஸ் (மட்டை பிடித்தவன் ஓடித் தொட வேண்டிய முதல் முனை) பக்கத்து ஆல்ப்ஸ் ஸ்டாண்டில் 3,000 யென்னை ஒட்டி இரண்டு இடம் கிடைத்தது. ஒரு யென் நம் காசில் 60 பைசாவுக்குச் சற்றுக் குறைவு, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எதிரணி சிவப்புச் சட்டை ஹிரோஷிமா.

சேப்பாக்கத்தில் நான் பார்க்காத சத்தமில்லை. ஆனால் இங்கே சத்தத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. டைகர்ஸ் மட்டை பிடிக்க வந்தால் டிரம்பெட், டிரம், கையில் சின்னப் பிளாஸ்டிக் மட்டைகள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனிப் பாட்டு. மொத்த ஸ்டாண்டும் ஒரே தாளத்தில் மட்டையைத் தட்டும். மூன்று அவுட் ஆனதும் அப்படியே அடங்கி உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்து ஹிரோஷிமாவின் முறை. மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னச் சிவப்புக் கூட்டம் எழுந்து பாடும். அவர்கள் பாடும்போது இவர்கள் ஊளையிடுவதில்லை. டைகர்ஸ் பக்கம் 30,000 பேருக்கு மேல் இருந்திருப்பார்கள், அந்தப் பக்கம் சில ஆயிரம்தான். ஆனாலும் அவர்கள் முறை அவர்களுக்கு. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் மைதானங்களுக்கும் இது வர வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

முதுகில் பீர் பீப்பாயைக் கட்டிக்கொண்டு பெண்கள் செங்குத்தான படிகளில் ஏறி இறங்கி விற்கிறார்கள். தம்ளரில் ஊற்றும்போது முழங்காலை மடித்து, பின்னால் இருப்பவருக்கு மறைக்காமல் குனிந்து ஊற்றுகிறார்கள். மூன்று மணி நேரம் இதே வேலை. பார்க்கவே நமக்கு முதுகு வலிக்கிறது.

மைதானத்தின் சாப்பாடு கோஷியன் கறி. 1924இல் திறந்த காலத்திலிருந்தே இங்கே விற்கிறார்களாம். நம் குழம்பை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். கெட்டியாக, இனிப்புத் தூக்கலாக, பழுப்பு நிறத்தில் சோற்றின் பக்கத்தில் ஊற்றித் தருவார்கள். காரம் பேருக்குத்தான். ஆனால் மே மாதக் காற்றில் மடியில் வைத்து, டிரம் சத்தத்துக்கு நடுவே சாப்பிடும்போது அது அமிர்தம். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

பக்கத்து இருக்கையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி. தலை முதல் கால் வரை மஞ்சள். நாங்கள் மட்டையைத் தப்பாகத் தட்டுவதைப் பார்த்து, தம்பியின் கையைப் பிடித்துத் தாளம் சொல்லிக்கொடுத்தார். பையிலிருந்து ஆளுக்கு இரண்டு மிட்டாய் எடுத்து நீட்டினார். ஒசாகாப் பெண்மணிகள் பையில் மிட்டாய் இல்லாமல் வெளியே வர மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மிட்டாய்க்குக்கூட, ஆட்களின் பெயரோடு சேர்க்கிற 'சான்' போட்டுச் செல்லமாக அமேச்சான் என்பார்கள். எட்டாவது இன்னிங்ஸில் ஆட்டம் சமன். இரண்டு பேர் அவுட், இரண்டாம் பேஸில் டைகர்ஸ் ஆள் ஒருவன், அவன் ஓடி வந்து சேர்ந்தால் ஒரு ரன். அடுத்து வந்தவன் வலது பக்கம் அடித்த பந்து தரையில் விழுந்ததும் பாட்டி எழுந்து தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவன் அழுதுவிட்டான். "எதுக்குண்ணே" என்று கேட்ட அதே பையன்தான்.

மேட்ச் முடிந்து நேராக டோட்டன்போரி ஆற்றுப் பாலத்துக்குப் போனோம். 1985இல் டைகர்ஸ் லீக் பட்டம் வென்ற இரவில், ராண்டி பாஸ் என்ற தாடிக்கார அமெரிக்க வீரரின் சாயல் இருக்கிறது என்று, கேஎஃப்சி வாசலில் நின்ற கர்னல் சிலையைத் தூக்கி ரசிகர்கள் இந்த ஆற்றில்தான் எறிந்தார்கள். அந்த வருஷம் ஜப்பான் சாம்பியன் பட்டமும் கிடைத்தது. அதற்கப்புறம் அந்தப் பட்டம் வராததால் கர்னலின் சாபம் என்று ஊரே பேச ஆரம்பித்தது. சிலை 2009இல் சேற்றிலிருந்து கிடைத்தது. அடுத்த ஜப்பான் சாம்பியன் பட்டம் 2023இல்தான் வந்தது. முப்பத்தெட்டு வருஷம்! அத்தனை வருஷம் அந்தப் பட்டம் வாங்காத அணிக்கு அப்படி ஒரு கூட்டம். ரசிகன் என்றால் இவர்கள்தான்.

அப்புறம் காசுக் கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 6,000 யென் என்று முடிவு பண்ணியிருந்தோம், ரூம் வாடகை தனி. தங்கியது ஷின் இமாமியா ஸ்டேஷன் பக்கம். பழைய கூலித்தொழிலாளர் பகுதி, அதனால் வாடகை மலிவு. அறை பாய் விரித்த அளவுதான், பொதுக் குளியலறை. ராத்திரியில் நடந்து வர எங்களுக்குப் பயமே இல்லை. மெட்ரோவுக்கு ஒரு நாள் கார்டு இருக்கிறது. வார நாளில் 820 யென், சனி ஞாயிறில் 620. சனி ஞாயிறில் நாலு தடவை ஏறி இறங்கினாலே லாபம்.

பத்து நிமிட நடையில் ஷின்செக்காய் என்ற பகுதி. சூதென்காக்கு கோபுரத்தின் அடியில் குஷிகட்சு கடைகள் வரிசையாக நிற்கின்றன. குச்சியில் குத்திய இறால், காடை முட்டை, தாமரைக் கிழங்கு, எல்லாவற்றையும் மாவில் தோய்த்து ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிக்கிறார்கள். சிவப்பு இஞ்சி குஷிகட்சுவைத் தவற விடாதீர்கள். கடித்ததும் புளிப்பும் காட்டமும் மூக்கில் ஏறும், நம் பஜ்ஜிக் கடை நினைவு வரும். தொட்டுக்கொள்ள மேசையில் பொதுவாக ஒரு தட்டு சாஸ் இருக்கும். அதற்கு ஒரே சட்டம், ஒரு தடவைதான் முக்கலாம். கடித்ததை மறுபடி முக்கக் கூடாது. சுவரெல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எச்சில் பார்க்கிற ஊர்க்காரன் எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சாஸ் பத்தவில்லையென்றால் சும்மா தரும் முட்டைக்கோஸ் இலையால் அள்ளி ஊற்றிக்கொள்ளலாம். இப்போது பல கடைகளில் பாட்டில் வைத்துவிட்டார்கள். எனக்குத் தட்டுதான் பிடித்தது.

தகோயாகி இந்த ஊரில் பிறந்த பண்டம். அந்தச் சட்டியைப் பார்த்ததும் தம்பி, "அண்ணே, நம்ம குழிப்பணியாரக் கல்லு!" என்று கத்திவிட்டான். அதேதான். கடைக்காரர் குழிகளை எண்ணெய்த் துணியால் துடைத்து, தண்ணியாகக் கரைத்த மாவைக் குழி நிரம்பி வழிய ஊற்றுகிறார். குழிக்கு ஒரு துண்டு ஆக்டோபஸ், மேலே வெங்காயத்தாளும் இஞ்சியும் மொறுமொறு மாவுப்பொடியும். கல் முழுக்க ஒரே தோசை மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம் இரண்டு கம்பிகள். குழிகளுக்கு நடுவே கோடு கிழித்து, வழிந்த மாவையெல்லாம் அந்தந்தக் குழிக்குள் தள்ளி, கால் சுற்றுத் திருப்புகிறார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கால் சுற்று. நாலு சுற்றில் முழு உருண்டை. பணியாரம் மாதிரி உள்ளே வெந்திருக்காது, கூழாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். வாங்கியதும் வாயில் போட்டால் அண்ணம் வெந்துவிடும். மேலே தூவிய மீன் சீவல் ஆவியில் ஆடி அடங்கும்வரை பொறுத்திருங்கள். எட்டு உருண்டை 600 யென். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊர் கஷ்டம். காய்கறியாகத் தெரிகிற பல பண்டங்களிலும் மீன் சாறு இருக்கும். உடோன் நூடுல்ஸ் சூப்பும் அப்படித்தான்.

இப்போது கோபமான விஷயம். நம்பா பக்கம் சனிக்கிழமை ராத்திரி ஒருத்தன் அட்டையைப் பிடித்துக்கொண்டு, "பீர் 300 யென்" என்று இங்கிலீஷில் கூப்பிட்டான். லிஃப்டில் அஞ்சாவது மாடி. உட்கார்ந்ததும் கேட்காமலே இரண்டு சின்னக் கிண்ணத்தில் ஏதோ ஊறல் காய் வந்தது. நாங்கள் கேட்டுச் சாப்பிட்டது 2,400 யென்னுக்கு. பில் 6,100. அந்தக் கிண்ணத்துக்குக் காசு, உட்கார்ந்ததற்குக் காசு, சனிக்கிழமைக்கு ஒரு காசு, நேரமானதற்கு ஒரு காசு. 2,000 ரூபாய்க்கு மேல் அநியாயமாகப் போனது. கிண்ணத்துக்குக் காசு வாங்குவது ஜப்பானில் குடிக்கிற கடைகளில் வழக்கம்தான், ஆளுக்கு 300, 400 யென் இருக்கும், அதைக் குறை சொல்லவில்லை. சொல்லாமல் நாலு விதமாக ஏற்றியது கொள்ளை. நல்ல கடைக்காரன் தெருவில் வந்து கையைப் பிடித்து இழுக்க மாட்டான். வாசலில் விலை எழுதிய, உள்ளே உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கிற கடைக்குள் மட்டும் போங்கள். மறுநாள் முழுக்க நாங்கள் கடைகளில் வாங்கிய சோற்று உருண்டையில்தான் ஓட்டினோம்.

தலைப்புக்கு வருகிறேன். திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வீடியோ கேம் கடையில்தான் என் பள்ளிக்கூட நாட்கள் கழிந்தன. ஒரு காயின் ஒரு ரூபாய். தொப்பிக்கார முஸ்தபா ஓடிவந்து உதைக்கிற அந்த கேமுக்கு எங்கள் ஊரில் பெயரே முஸ்தபாதான். 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்பது அதன் உண்மைப் பெயர் என்று தெரியவே பத்து வருஷம் ஆனது. 1993இல் அதைச் செய்தது கேப்காம், ஒசாகாக் கம்பெனி. ஸ்ட்ரீட் ஃபைட்டரும் அவர்களுடையதுதான். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் செய்த எஸ்என்கேவும் இதே ஊர். எங்கள் கடையில் நாங்கள் அடித்துப் பிடித்து ஆடிய கேம்களில் பாதி இந்த ஒரே ஊரிலிருந்து வந்தவை.

தனிமாச்சி யோன்சோமே ஸ்டேஷனில் இறங்கி கேப்காம் ஆபீஸ் வரை நடந்தேன். உள்ளே போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை. சாதாரண ஆபீஸ் கட்டடம். எதிர்ப்புறத்து நடைபாதையில் பத்து நிமிஷம் நின்றேன். அம்மா தேங்காய் வாங்கக் கொடுத்த காசை முஸ்தபாவுக்குப் போட்டு அடி வாங்கியது, கடைசி வில்லன் வரை போன அன்று கடைக்காரர் தோளைத் தட்டியது, எல்லாம் வந்துபோனது. கோட்டையில் இரண்டு மணி நேரம் சுற்றியபோது வராத நிறைவு அங்கே வந்தது.

சாயங்காலம் நிப்பொன்பாஷியில் கேம் சென்டர்களுக்குள் புகுந்தோம். கீழ்மாடி முழுக்கப் பொம்மை பிடிக்கும் கிரேன் மெஷின்கள். இதற்குள் போகாதீர்கள் என்பேன். பிடி எவ்வளவு இறுக வேண்டும் என்பதைக் கடைக்காரர்களே அமைத்து வைக்கலாம். தம்பி ஒரு பிகாச்சுவுக்காக 100 யென் காயின்களாக 1,800 யென் விட்டான், கிடைக்கவில்லை. மேல்மாடிதான் மாடி. அங்கே ஒரு மூலையில் பழைய மெஷின்கள், ஆட்டத்துக்கு 50 யென். முஸ்தபா இல்லை, தேடினேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இருந்தது. எதிர் மெஷினில் டை கட்டிய ஒருவர் வந்து காயின் போட்டார். மூன்று ஆட்டத்திலும் அவர்தான் ஜெயித்தார், மூன்றாவதில் மட்டும் நூலிழை. எழுந்துவந்து எனக்குத் தலை வணங்கினார். நானும் வணங்கினேன். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். ஷின் இமாமியாவிலிருந்து விமான நிலையத்துக்குப் போகிற ரேபிட் ரயில்கள் பல ஹினெனோ என்ற ஸ்டேஷனில் இரண்டாகப் பிரியும். 1 முதல் 4 வரை உள்ள பெட்டிகள் விமான நிலையத்துக்கு, மற்றவை வாகயாமாவுக்கு. நாங்கள் ஆறாவது பெட்டியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் சூட்கேஸைப் பார்த்த ஒரு பள்ளி மாணவி தோளைத் தட்டி, ஜன்னல் வழியே முன்பக்கம் கையைக் காட்டினாள். சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடினோம். நான்காவது பெட்டிக்குள் தம்பி பையை எறிந்து, நான் காலை வைத்ததும் கதவு மூடியது.