கொழும்பு வேலையை விட்டுவிட்டு விசுவமடுவில் கச்சான் வறுத்த கதை

கொழும்பில் எட்டு வருடம் மார்க்கெட்டிங் வேலை. 2022 இல் பெட்ரோல் வரிசையும் மின்வெட்டுமாகக் கிடந்த நேரம், ஒரு மாதம் நிற்கலாம் என்றுதான் முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிற விசுவமடுவுக்கு வந்தேன். மாமாவின் மகன் கச்சான், அதுதான் நிலக்கடலை, பிடுங்கிக் காயவைத்து மூட்டையாக வியாபாரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். அதையே வறுத்து அழகான பைக்குள் போட்டால் கொழும்பில் என்ன விலை போகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அப்படி விற்றுக் கொடுப்பதுதான் என் வேலையாகவே இருந்தது. சரி, பாதிக்குப் பாதி பங்கு என்று தொடங்கிவிட்டோம்.

பதிவு வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்தோம். பிறகு கம்பனியாக்கியபோது படிவம் 1, 18, 19, அதோடு கட்டாயம் ஒரு செயலாளர். வறுக்கிற கொட்டிலைப் பார்க்க வந்த பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) நிலத்துக்குச் சீமெந்து போடச் சொன்னார், போட்டோம். இலங்கைக்குரிய 479 இல் தொடங்கும் பார்கோடு கையில் கிடைத்த அன்று மாமி அதைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டா.

என் கெட்டித்தனம் சறுக்கியது பையில்தான். சாமான் கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஆட்கள் எடுப்பார்கள் என்று கண்ணாடி மாதிரிப் பை அடித்தேன். "மச்சாள், கச்சான் வெளிச்சத்துக்கும் காத்துக்கும் ஆகாது" என்று அவன் அப்போதே சொன்னான், நான் கேட்கவில்லை. கச்சானில் பாதிக்குக் கிட்ட எண்ணெய்தானே, மூன்று கிழமையில் காறத் தொடங்கிவிட்டது. திரும்பி வந்த பெட்டியை உடைத்து ஒன்றை வாயில் போட்டேன், பழைய எண்ணெய் நாற்றம் தொண்டைவரை போனது. அதற்குப் பிறகு உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய பை. இப்போது வறுக்க முதல் கச்சானைக் கோதோடு காதுக்குக் கிட்டப் பிடித்துக் குலுக்கிப் பார்ப்பேன், பருப்பு கலகலக்காவிட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது, வெயிலில் திரும்பக் காயும். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும், அந்தப் பூஞ்சணம் விடுகிற நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

அதைவிடப் பெரிய அடி காசில் விழுந்தது. ஒரு பெரிய கடைத்தொகுதி எங்கள் கச்சானை எடுத்ததும் துள்ளிக் குதித்தேன், ஆனால் அவர்கள் காசு தருவது 60 நாள் கழித்து, எங்களுக்குக் கச்சான் தரும் தோட்டக்காரரோ மூட்டை ஏறும்போதே கையில் வாங்குவார். விற்க விற்கக் கையில் காசில்லை! கொழும்பில் இருந்தபோது பில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன், காசு எப்போது வரும் என்று மண்டையை உடைக்க வேறு ஒரு பிரிவே இருந்தது. இங்கே என் காப்பு இரண்டும் அடகுக்குப் போயின, அவன் மோட்டார் சைக்கிளை விற்றான்.

இப்போது எங்கள் பக்கத்துப் பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம் கடைகளுக்குத்தான் கூடுதலாகக் கொடுக்கிறோம். 15 நாளில் காசு. கொழும்புக்கு முற்பணம் தருபவர்களுக்கு மட்டும் அனுப்புகிறோம். அங்கே வாங்கின சம்பளத்தில் பாதிகூட இன்னும் எடுக்கவில்லை. ஒரு காப்பு மீண்டுவிட்டது, மற்றது இன்னும் அடகில். கடைக்காரருக்குப் போன் எடுத்துக் காசு கேட்பது நான்தான், மச்சானை விட்டால் "பாவம், அடுத்த கிழமை தரட்டும்" என்று வைத்துவிடுவான்.