வண்டி எத்தனை மணிக்குக் காணாமல் போனது?

குற்றவியல் எம்.ஏ. கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு, ஒரே ஒரு காவல் நிலைய எல்லைக்குள் நடந்த டூவீலர் திருட்டுகளை எடுத்துக்கொண்டேன். அனுமதிக்கு அலைந்ததை விடுங்கள். எஃப்ஐஆர்கள் கைக்கு வந்ததும் எல்லா இடங்களையும் மேப்பில் புள்ளி வைத்தேன், ரயில் நிலையத்தைச் சுற்றிச் சிவப்பாகத் திரண்டது, சந்தோஷமாகக் கொண்டுபோய்க் காட்டினேன். கைடு மேடம் பார்த்துவிட்டு, "சரிப்பா, ஏன் அங்கே?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம்தான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்த, கோஹன், ஃபெல்சன் என்ற இரு குற்றவியல் ஆய்வாளர்களின் கோட்பாட்டை (1979) நிதானமாகப் படித்தேன். திருடத் துணிந்த ஒருவன், தோதான பொருள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நிலை, மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூட வேண்டும். என் மேப்பில் இடம் மட்டும்தான் இருந்தது, நேரமே இல்லை.

நேரம்தான் என்னை அதிகம் படுத்தியது. வண்டி எப்போது போனது என்று பறிகொடுத்தவருக்கே தெரியாது. எஃப்ஐஆரின் மூன்றாவது கட்டத்தில் காலை 8 முதல் மாலை 4 வரை என்பது போல ஒரு இடைவெளி இருக்கும், அவ்வளவுதான். நான் இப்படி ஒவ்வொன்றுக்கும் நடு நேரத்தை, இதற்கு 12 மணி என்று, போட்டுக்கொண்டே போனதில் மத்தியானத்தில் பெரிய மேடு எழுந்தது, 'பட்டப்பகல் திருட்டு' என்று ஒரு அத்தியாயமே எழுதத் தொடங்கிவிட்டேன். அது முழுக்கத் தப்பு. குற்றவியல் ஆய்வாளர் ஜெர்ரி ராட்க்ளிஃப் எழுதியதைப் படித்த பிறகு, 12 மணிக்கு முழு 1 கொடுக்காமல் அந்த எட்டு மணி நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் 1/8 என்று பிரித்தேன், மற்ற எஃப்ஐஆர்களுக்கும் இப்படியே. இதற்கு ஏயோரிஸ்டிக் முறை என்று பெயர். மத்தியான மேடு கரைந்துபோய், மாலை 6 முதல் 8 வரை உயர்ந்து நின்றது.

ஒரு நாள் ஆறரை மணிக்கு நேரில் போய் நின்றேன். டோக்கன் கொடுக்கும் ஸ்டாண்டில் கூட்டமில்லை. வெளியே காம்பவுண்டு சுவரோரம், யாரையோ ரயிலேற்றிவிட வந்தவர்கள் ஐந்து நிமிஷம்தானே என்று ஹேண்டில் லாக்கூடப் போடாமல் வண்டியை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். டீக்கடைக்கு எதிரே உள்ள பகுதியில் ஒரு புகார்கூட இல்லை, அதைத் தாண்டிய இருட்டில்தான் அத்தனையும். ஃபெல்சன் சொல்லும் காவல் பெரும்பாலும் போலீஸ் இல்லை, இந்த டீக்கடைக்காரர் மாதிரி ஆட்கள்தான்.

'ரோந்தை அதிகரிக்க வேண்டும்' என்ற பரிந்துரையையும் அடித்தேன். 1972-73-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் பொதுவான ரோந்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்ததில் குற்றம் பெரிதாக மாறவில்லை. அதற்குப் பதில் ஆய்வாளர் கோல்ட்ஸ்டீன் சொன்ன, குற்றத்துக்குக் காரணமான பிரச்சினையையே சரிசெய்யும் 'பிரச்சினை சார்ந்த காவல்' முறைப்படி, சுவரோரம் விளக்கு, ஸ்டாண்டில் முதல் பதினைந்து நிமிஷம் இலவசம், இரவு பீட்டில் (ரோந்துச் சுற்றில்) ஒன்றை மாலைக்கு மாற்றுவது என்று எழுதினேன்.

நிலையத்தில் ஒரு பிரதி கொடுக்கப் போனபோது ஏட்டையா கோட்பாட்டுப் பக்கங்களை எல்லாம் தள்ளிவிட்டு, மணிவாரியான அட்டவணையில் வந்து நின்றார். "தம்பி, இது மட்டும் ஒரு ஜெராக்ஸ் தனியா கொடுங்க, பீட் நோட்டுல ஒட்டணும்."