இப்பதானே தம்பி சாப்பிட்டேன்

அந்த அம்மா சொன்னது ஒரே வரிதான். ஐந்து மாதம் ஆகியும் காதை விட்டுப் போகவில்லை.

காஸ்ட்ரிக் எம்ப்டியிங் ஸ்கேனுக்கு வந்தவர். சாப்பிட்டால் குமட்டல், உப்புசம், எண்டோஸ்கோபியில் அடைப்பு எதுவும் இல்லை, இரைப்பை மெதுவாகக் காலியாகிறதா என்று பார்க்கவும். சீட்டில் இவ்வளவுதான். கேமராவில் வெளிச்சமாகத் தெரிவதற்காக டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்து வேகவைத்த முட்டை வெள்ளைக்கரு, இரண்டு துண்டு ரொட்டி, ஜாம், 120 மில்லி தண்ணீர். பத்து நிமிஷத்துக்குள் முடித்துவிட்டார். உடனே முதல் படம், அப்புறம் 1, 2, 4 மணி நேரத்தில் ஒவ்வொன்று.

முதல் படத்திலேயே இரைப்பையிலிருந்து வால் மாதிரி கொஞ்சம் வெளிச்சம் இறங்கியிருந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் சிறுகுடலுக்குப் போய்விட்ட பங்கு அது. அதையும் சேர்த்துத்தான் நூறு சதவீதம் என்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் கணக்கெல்லாம் தப்பு. கணக்கில் வர வேண்டிய பகுதியைச் சுற்றிப் படத்தில் கோடு போடும்போது அதையும் சேர்த்துத்தான் போட்டேன். கை போட்டது, மண்டையில் ஏறவில்லை.

இருபது நிமிஷம் போயிருக்கும். நான் வேறொருவரின் எலும்பு ஸ்கேனில் இருந்தேன். கதவோரம் வந்து நின்று, "தம்பி, நெஞ்சு படபடன்னு அடிக்குது, வேர்த்து ஊத்துது, கொஞ்சம் படுத்துக்கட்டுமா?" என்றார். "ராத்திரியிலிருந்து பட்டினி இல்லையாம்மா, பசி மயக்கமா இருக்கும்" என்றேன்.

"இப்பதானே தம்பி சாப்பிட்டேன்?"

பதில் சொல்லவில்லை. சிஸ்டர் வந்து பிரஷர் பார்த்தார், சரியாக இருந்தது, படுக்க வைத்தார். அதோடு விட்டேன்.

ஒரு மணி நேரப் படத்தில் குடல் முழுக்க வெளிச்சம், இரைப்பையில் ஒரு கீற்று. கணக்குப் போட்டால் மீதி 14 சதவீதம். அந்த நேரத்தில் 30க்குக் கீழே இருந்தாலே வேகமாகக் காலியாகிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். கூத்து என்னவென்றால், ஸ்கேனுக்காக இரண்டு நாள் முன்னால் அவரை நிறுத்தச் சொன்னதே இரைப்பையை முடுக்கும் மாத்திரையைத்தான். ஓடுகிற வயிற்றை இன்னும் விரட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். டாக்டரையும் குறை சொல்ல முடியாது, மெதுவானாலும் வேகமானாலும் குமட்டலும் உப்புசமும் ஒரே மாதிரிதான் வரும்.

அரை மணிப் படம் எடுத்திருக்கலாமே என்று முதலில் நினைத்தேன். வேகம் என்று சந்தேகம் இருந்தால்தான் அதை எடுப்போம், சீட்டில் கேட்டது மெதுவை, இருப்பதோ ஒரே கேமரா. எடுத்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது, ஒரு மணி நேரப் படமே போதுமானதாக இருந்தது. அப்படியானால் எனக்கு ஏன் உறுத்துகிறது?

படத்தில் வேகமாகக் காலியானாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கிறவர்கள் உண்டு. சாப்பாடு குபுக்கென்று குடலில் இறங்கி, அது தண்ணீரை இழுத்து, அரை மணிக்குள் படபடப்பும் வேர்வையும் வந்தால்தான் டம்பிங் என்று சந்தேகிக்க முடியும். அது கேமராவில் விழாது. அவர் வாயால் சொன்னார், அதுவும் என்னிடம். குறிப்பு எழுதும் இடத்தில் நேரம் போட்டு ஒரு வரி எழுதியிருந்தால் எண்ணும் தொந்தரவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கும். ரிப்போர்ட் வெறும் எண்ணோடு போனது. மறுநாளாவது டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். வேலை இருந்தது என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், சொல்லப் போனால் நான் கொடுத்த பதிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்குமே, அதுதான் தடுத்தது. அவருடைய டாக்டர் எப்படியும் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார் என்று சில நாள் தோன்றும். "பசி மயக்கம்னு ஸ்கேன்ல சொன்னாங்க" என்று அவரே சொல்லி மூடியிருப்பார் என்று சில நாள் தோன்றும்.

இப்போது அரை மணிப் படம் எல்லோருக்கும் எடுக்கிறேன், வரிசை நீள்கிறது என்று திட்டும் வாங்குகிறேன். போன வாரம் ஒருவர் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தலை சுற்றுகிறது என்றார். நேரத்தோடு எழுதி வைத்தேன். ஆனால் வாயில் முதலில் வந்தது, "பசி மயக்கமா இருக்கும் சார்."