நோட்டில் இருந்த 11 மணி நேரம்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் தம்பிகளிடம் நான் முதலில் கேட்பது, "ஐபிஏ பேப்பரைப் படிச்சியா?" என்பதுதான். ஐபிஏ என்பது வேலை பெர்மிட்டுக்கு முதலில் வரும் ஒப்புதல் கடிதம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, எதற்குப் பிடிப்பார்கள் என்பதெல்லாம் அதில் தமிழிலேயே இருக்கும். என் பேப்பரில் அடிப்படை 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). புதுக்கோட்டையில் பஸ் ஏறுவதற்குள் மூன்று முறை படித்துவிட்டேன்.

வந்ததும் மெடிக்கல், கைரேகை, அப்புறம் ஒருநாள் அறிமுக வகுப்பு. வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் செய்தால் ஓடி, அதாவது ஓவர்டைம், அதற்கு ஒன்றரை மடங்கு சம்பளம் என்று அந்த வகுப்பில் தமிழில் விளக்கினார்கள். அந்த ஞாயிறே லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவில் ஒரு நோட்டு வாங்கினேன். தினமும் டார்மில், அதாவது தொழிலாளர் விடுதியில், கட்டிலில் உட்கார்ந்து, வேலை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

முதல் பேஸ்லிப்பில் (சம்பளச் சீட்டில்) 11 மணி நேர ஓடி இல்லை. 800ஐ 12ஆல் பெருக்கி, 52ஆலும் 44ஆலும் வகுத்தால் மணிக்கு 4.20 வெள்ளி. ஓடிக்கு 6.29. ஆக 69 வெள்ளி குறைகிறது. அம்மாவின் ஒரு மாத மருந்துக் காசு அது.

"கேட்டா பெர்மிட்டை கேன்சல் பண்ணிருவாங்கப்பா" என்றார் பக்கத்துக் கட்டில் அண்ணன். ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடன் வேறு நெஞ்சில் நின்றது. இரண்டு ராத்திரி தூக்கமில்லை.

மூன்றாம் நாள் டீ நேரத்தில் சூப்பர்வைசரிடம் நோட்டைக் கொடுத்தேன். பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். மூன்று நாள் வேறு சைட்டில் கான்கிரீட் போட ராத்திரி வரை நின்றிருந்தோம். அந்த டைம் கார்டு ஆபீஸுக்கே போகவில்லை. அடுத்த வாரம் பணம் வந்தது. எங்கே போனாலும் கார்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி எல்லோருக்கும் அவரே ஏற்பாடு செய்தார்.

இதில் முதலாளிக்கும் லாபம் உண்டு. ஒவ்வோர் ஆளுக்கும் அரசுக்கு லெவி என்ற மாதக் கட்டணம் கட்டுகிறார், 5,000 வெள்ளி உத்தரவாதம் தருகிறார், வேலையும் பழக்குகிறார். ஆள் பாதியில் போனால் எல்லாம் முதலிலிருந்து. எங்களோடு வந்த எட்டுப் பேரில் ஏழு பேர் இரண்டு வருடம் முடிந்ததும் அதே கம்பெனியில் பெர்மிட்டைப் புதுப்பித்தோம்.

எல்லா சூப்பர்வைசரும் இப்படி இருக்கமாட்டார்கள். கேட்டும் தீராவிட்டால் மனிதவள அமைச்சின் வழியாக முறையிடலாம். வேலையில் இருக்கும்போது சம்பளம் வராத நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். போகும்போது நோட்டையும் பேஸ்லிப்பையும் கையோடு எடுத்துப் போங்கள்.